சட்னியில் விழுந்த பந்து

பந்து தேங்காய்ச் சட்னியில் விழுந்தது.

சும்மா விழவில்லை. ஹாலின் அந்தக் கோடியில் நின்ற ரோபோவிலிருந்து கிளம்பி, எதிரே தொங்கிய கூடையைக் கொஞ்சமும் மதிக்காமல், ஜன்னல் பக்கம் சாய்ந்து, சுவரில் ஒரு குட்டு வாங்கி, பஜ்ஜித் தட்டுக்கு நடுவில் இருந்த கிண்ணத்தில் போய் அம்சமாக உட்கார்ந்தது. தலைமையாசிரியையின் பட்டுப் புடவையெங்கும் வெள்ளைப் பொட்டுகள். பள்ளிக்கு உதவி செய்யலாமா என்று பார்க்க வந்திருந்த பெரியவர், கடித்த பஜ்ஜியோடு வாயை மூட மறந்து நின்றார்.

ஹாலில் ஒரே ஒரு ஆள் கை தட்டினான்.

நான்தான்.

எனக்குப் பதற்றம் வந்தால் மூளை முதலில் வெளிநடப்புச் செய்துவிடும். அதன் பிறகு கைகளும் வாயும் ஆளுக்கொரு கட்சியாக ஆட்சி நடத்தும். அன்று கை தட்டியதோடு நிற்காமல், "செம ஷாட்டு!" என்று வாயும் தன் பங்குக்குக் கத்தியது.

மேசைக்குப் பக்கத்தில் நின்ற மாணவி ஷர்மிளா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு பஜ்ஜியைப் போட்டிருந்தால் கருகியிருக்கும்.

ட்ரோன் வைத்திருப்பவன்

ரோபோவுக்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் ஹேமா டீச்சரிடம் கேட்டேன்.

புதுப்பட்டினம் பஜாரில் எனக்கு ஒரு ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எதுவானாலும் போட்டோவும் வீடியோவும். ஒருநாள் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்த ஹேமா டீச்சர், பள்ளியில் மாணவிகள் போட்டிக்காக ரோபோ செய்வதாகவும், வழிகாட்ட ஒரு வெளியாள் வேண்டும் என்றும் சொன்னார்.

"எனக்கு ரோபோ பத்தி ஒண்ணும் தெரியாதே டீச்சர்."

"ட்ரோன் வெச்சிருக்கீங்க. ரோபோ தெரியாமலா இருக்கும்?"

முடியாது என்று சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. மாப்பிள்ளையின் தொப்பையைக் குறைக்க முடியுமா என்றால் முடியும். வராத அத்தையைக் குரூப் போட்டோவில் சேர்க்க முடியுமா என்றால் அதுவும் முடியும். அந்த வேகத்தில் இதற்கும் தலையாட்டிவிட்டேன்.

போய்ப் பார்த்தால், அங்கே வழிகாட்டத் தேவையே இல்லை. ஷர்மிளா குப்பத்துப் பெண். அப்பா படகில் போகிறவர், அம்மா அஞ்சலை மீன் விற்கிறவள். பந்து எறியும் யந்திரம் முழுக்க ஷர்மிளா கை வேலை. படுக்கை வசத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரப்பர் சக்கரங்கள், எதிரெதிராகச் சுற்றும். நடுவில் சாத்துக்குடி அளவு மஞ்சள் ஸ்பாஞ்ச் பந்தைத் தள்ளினால், இரண்டும் சேர்ந்து அதைப் பிதுக்கி எறியும். அவள் தோழி ஏஞ்சலின் கணினிப் பக்கம். அவள் அப்பா சிறுசேரிக்கு கேப் ஓட்டுகிறார். மகள் எவ்வளவு வேகத்தில் சக்கரம் சுற்ற வேண்டும் என்று எழுதுகிறாள். என் பங்கு, ஓரமாக நின்று வீடியோ எடுப்பதும், அவ்வப்போது "சூப்பர்" சொல்வதும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. தினமும் சாயங்காலம் அந்த யந்திரம் பந்துகளைக் கூடையில் கோயில் சுண்டல் போடுவது மாதிரி வரிசையாகப் போடும். திடீரென்று ஒருநாள் ஒரு பந்து முன்னால் சோர்ந்து விழும். அடுத்தது இடப்பக்கம் ஓடும். மூன்றாவது ஒழுங்காகக் கூடையில் விழுந்து, மற்ற இரண்டும் விளையாட்டுக்கு என்று சொல்லிச் சிரிக்கும்.

பந்து சட்னியில் விழுந்த அன்று சாயங்காலம் ஹேமா டீச்சர் முடிவாகச் சொன்னார். "வெள்ளிக்கிழமை பேரண்ட்ஸ் பாக்க வர்றாங்க. அன்னிக்கும் இப்படின்னா இத கழட்டிட்டு, சாய்க்கிற தட்டு ஒண்ணு மாட்டிடலாம். கீழ இருக்கிற பெட்டியில பந்தக் கொட்டினாலும் பாயிண்ட் வரும்ல?"

"கம்மிதான் மிஸ் வரும்."

"சட்னியில போடறதுக்கு அது தேவல."

ஷர்மிளா ஸ்க்ரூ டிரைவரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதில் அழுக்கே இல்லை. "தட்டு வெச்சா அது ரோபோ இல்ல மிஸ். குப்ப வண்டி" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. டீச்சருக்கும் கேட்டது. ஆனால் போட்டி செங்கல்பட்டில். அங்கே சட்னிக்குப் பதில் நடுவர்கள் இருப்பார்கள்.

எல்லா மருந்தும் ஒரே டம்ளரில்

மறுநாள் நான் வைத்தியத்தில் இறங்கினேன். பேட்டரியை மாற்றினேன். சக்கரங்களை இன்னும் நெருக்கி முடுக்கினேன். ஏஞ்சலினிடம் வேகத்தைக் கூட்டச் சொன்னேன். பழைய பந்துகளை ஒதுக்கிப் புதுப் பந்துகளைப் போட்டேன். எல்லாம் ஒரே மூச்சில், ஒரு டீ ஆறுவதற்குள்.

முதல் பந்து கூடையைத் தாண்டி, கதவைத் தாண்டி, மைதானத்தில் கபடி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நடுவில் விழுந்தது.

ஏஞ்சலின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கோபம் வந்தால் அவள் செய்வது அதுதான். "அங்கிள், இப்ப எதனால இப்படிப் போச்சு?"

"தெரியலியே கண்ணு."

"நாலையும் ஒண்ணா மாத்தினா எப்பிடித் தெரியும்? ஒரு வாட்டிக்கு ஒண்ணுதான் மாத்தணும். எல்லாத்தையும் பழையபடி வெய்ங்க. பேட்டரியத் தொடாதீங்க. எதையுமே தொடாதீங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க."

உட்கார்ந்தேன். உட்கார்ந்தபோது எனக்கு மாமல்லபுரம் ஞாபகம் வந்தது.

கல்யாணத்துக்கு முந்தைய ஜோடி வீடியோ எடுக்க ஒரு விடுதிக் கடற்கரைக்குப் போயிருந்தேன். பெண்ணும் பையனும் அலையில் கைகோத்து ஓட, என் புது ட்ரோன் மேலே பறக்க, ரிமோட் திடீரென்று கீச்கீச்சென்று கத்தியது. சார்ஜ் குறைகிறதாம். ஒரு பொத்தானை அழுத்தினால் அது தானே திரும்பி வந்திருக்கும். நான் இருந்த பொத்தான்களையெல்லாம் அழுத்தினேன். ட்ரோன் கொஞ்ச நேரம் அப்படியே நின்று யோசித்தது. பிறகு, இவனோடு குடும்பம் நடத்துவதற்கு இதுவே மேல் என்று முடிவெடுத்த மாதிரி நேராகக் கடலில் இறங்கியது. அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்த காட்சிதான் அவர்கள் வீடியோவிலேயே சிறந்தது. கைக் கேமரா ஓடிக்கொண்டிருந்தது என் பாக்கியம்.

அதற்கும் முன்னால், என் முதல் கல்யாணம். என்னுடையது இல்லை, நான் எடுத்தது. கருங்குழியில். தாலி கட்டும் நேரம் கெட்டிமேளம் கொட்டியதும் நான் பதறியதில் கேமரா மேலே திரும்பிக்கொண்டது. பெண் வீட்டார் கேசட்டைப் போட்டுப் பார்த்தபோது நாதஸ்வரம், அட்சதை விழும் சத்தம், அழுகை, எல்லாம் இருந்தது. படத்தில் மட்டும் மண்டபத்து மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பதற்றக்காரன் கையில் யந்திரத்தைக் கொடுக்கக் கூடாது என்பதற்காக இதையெல்லாம் சொல்கிறேன்.

பிள்ளைகள் நிதானமாக வேலை பார்த்தார்கள். பந்துகளுக்கு ஸ்கெட்ச் பேனாவால் எண் போட்டு, எந்தப் பந்து எங்கே விழுகிறது என்று பார்த்தார்கள். சட்னியில் விழுந்த அதே பந்து இப்போது ஒழுங்காகக் கூடைக்குப் போனது. அப்படியென்றால் கோளாறு பந்தில் இல்லை. பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். அது ஒழுங்காகத்தான் இருந்தது. சக்கரத்தின் வேகமும் சரி. அதைவிடப் பெரிய பேஜாரு, பழையபடி வைத்த பிறகு அன்றைக்கும் அதற்கடுத்த நாளும் யந்திரம் ஒரு தப்பும் செய்யவில்லை.

"ஆளுங்க வந்தாத்தான் மக்கர் பண்ணுது" என்றாள் ஷர்மிளா. "சட்னி அன்னிக்கு அந்தத் தாத்தா வந்தாரு. அதுக்கு முந்தி பக்கத்து ஸ்கூல் டீச்சருங்க வந்தாங்கோ. அன்னிக்கும் இதே மாரிதான்."

ஸ்டூலிலிருந்து நான் எழுந்தேன். தீர்ப்பு வழங்கும் தோரணையில். "இது திருஷ்டி."

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க அங்கிள். எங்களுக்குத் திருஷ்டி கெடையாது" என்றாள் ஏஞ்சலின்.

"ரோபோ எந்த மதம்னு அதைக் கேட்டியா?"

கெட்டியா வையி, தங்கச்சி

அஞ்சலை கல்பாக்கம் டவுன்ஷிப் ஆட்கள் வந்து போகிற ரோட்டோரத்தில் மீன் விற்பாள். மகளின் ரோபோவைப் பார்க்க யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும். கடையைச் சீக்கிரம் எடுத்துவைத்துவிட்டு, தலைக்குக் குளித்து, கையில் ஒரு சின்னக் கிண்ணத்தோடு பள்ளிக்கு வந்துவிடுவாள். கூட்டம் சேருமுன்பே ஹாலுக்குள் தனியாகப் போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வருவாள். ரோபோவின் முன் கம்பியில் குங்குமப் பொட்டு இருக்கும். புதுப் படகு தண்ணீரில் இறங்கும்போது மஞ்சள் குங்குமம் வைக்காமலா விடுகிறோம் என்று டீச்சரும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலை மீன் வாங்கப் போனவன், அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கண்ணுதான் அண்ணாத்த. எனக்கு அப்பவே தெரியும். ஊரு கண்ணு பொல்லாத கண்ணு."

"இன்னிக்கு நல்லா கெட்டியா வையி, தங்கச்சி."

"வெச்சிர்றேன். நீ அந்த மத்திய எடுக்காத, நேத்து உள்ளது. இத்த எடு."

அன்று பெற்றோர்கள் வந்தார்கள். பந்துகளும் அவர்களை வரவேற்கக் கிளம்பின. ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம், ஒன்று யந்திரத்தின் வாயிலிருந்து தொப்பென்று காலடியில். என் கேமரா எல்லாவற்றையும் மெதுவோட்டத்தில் எடுத்துக்கொண்டிருந்தது. கூட்டம் கலைந்து டீ குடிக்கப் போன பிறகு அதே யந்திரம் அதே பந்துகளைக் கூடையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டது. அதையும் எடுத்தேன்.

"பாத்தீங்களா டீச்சர்? ஆளு போனதும் ஒழுங்காப் போடுது. சாட்சாத் திருஷ்டி!"

ஹேமா டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. ஷர்மிளாவின் தோளில் கை வைத்தார். "திங்கக்கெழம கழட்டிடலாம்மா. நீ நல்லாத்தான் பண்ண. நமக்கு டைம் இல்ல."

ஷர்மிளா தலையாட்டினாள். வாசலில் காலிக் கிண்ணத்தோடு நின்ற அஞ்சலை, மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மஞ்சள் புகை

சனிக்கிழமை இரண்டு பெண்களும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். கழற்றுவதற்கு முன் ஒருமுறை வீடியோவைப் பார்க்க வேண்டுமாம்.

பெரிய திரையில் போட்டேன். பந்து மெல்ல மெல்ல, தண்ணீருக்குள் நீந்துவது மாதிரி, சக்கரங்களுக்கு நடுவே நுழைந்தது. ஜன்னல் வெளிச்சம் அதன் ஓரத்தில் பட்டுத் தங்கமாக மின்னியது. "இந்த லைட்டிங்கப் பாரு" என்று நான் ஆரம்பித்தேன்.

"நிறுத்துங்க அங்கிள். பின்னாடி போங்க."

போனேன்.

"அது இன்னா புகை?" என்றாள் ஷர்மிளா.

பந்து சக்கரத்தைத் தொட்ட இடத்தில் மெல்லிசாக ஒரு மஞ்சள் புகை எழுந்தது. பந்து அங்கே ஒரு கணம் வழுக்கியது. பிறகுதான், அரை மனதோடு கிளம்பியது.

"ஸ்பாஞ்ச் தூளா இருக்கும்" என்றேன். பந்தும் மஞ்சள், சக்கரத்தில் எப்போதும் அதன் மஞ்சள் ஒட்டியிருக்கும்.

ஏஞ்சலின் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டம் போன பிறகு எடுத்ததைப் போடச் சொன்னாள். அதே பந்துகள், அதே சக்கரங்கள். புகை இல்லை.

"முதல் பந்துக்கு முன்னாடி போங்க மாமா" என்றாள் ஷர்மிளா. "சக்கரம் சுத்தாம நிக்கும்ல, அங்க. பெருசாக்குங்க."

பெரிதாக்கினேன். நின்றிருந்த இரண்டு சக்கரங்களிலும் மஞ்சளாக ஒரு பூச்சு. பூச்சில் மூன்று விரல்கள் இழுத்த தடம்.

ஷர்மிளா திரைக்குப் பக்கத்தில் போய் அந்தத் தடத்தின் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். "எங்கம்மா கை" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை கல்யாணங்கள்! எத்தனை நலங்கு! மணையில் உட்கார்ந்த பெண்ணின் இரண்டு கன்னங்களிலும் ஆளாளுக்குச் சந்தனமும் மஞ்சளும் பூசுவதை எத்தனை முறை நெருக்கத்தில் எடுத்திருப்பேன். பக்கத்துப் பக்கத்தில் உப்பலாக இரண்டு சக்கரங்கள், நடுவே மேலே கம்பி. அந்தக் கம்பியில் பொட்டு வைத்தவளுக்கு, அதற்குக் கீழே இருப்பது வேறு என்னவாகத் தெரியும்? அஞ்சலை ரோபோவுக்கு நலங்கு வைத்திருக்கிறாள். குங்குமம் எல்லார் கண்ணிலும் பட்டது. மஞ்சள் மேல் மஞ்சள் யார் கண்ணிலும் படவில்லை.

பூசியது காய்ந்து மாவாகும். பந்து பிடிமானமில்லாமல் வழுக்கும். கொஞ்சம் பந்துகள் போய் அதைத் துடைத்தெடுத்த பிறகு எல்லாம் சரியாகிவிடும். அதற்குள் விருந்தாளிகள் கிளம்பியிருப்பார்கள். அடுத்த விருந்தாளிகள் வரும்போது அஞ்சலை மறுபடி கிண்ணத்தோடு வருவாள். கெட்டியா வையி தங்கச்சி என்று சொல்ல என்னைப் போல ஒரு வழிகாட்டியும் வாய்த்திருந்தான்.

"சரி, அம்மாகிட்ட சொல்லிடு. முடிஞ்சிடுச்சு" என்றாள் ஏஞ்சலின்.

"நான் சொல்லமாட்டேன்."

"ஏண்டி?"

"அவங்களுக்கு இதுல எதுவும் புரியாது ஏஞ்சல். மோட்டாரு தெரியாது, கோடிங் தெரியாது. உம் பொண்ணு இன்னாமோ செய்யுதாமேன்னு எல்லாரும் கேக்குறாங்கோ. அவங்க செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான். அதுதான் கெடுக்குதுன்னு எப்பிடிச் சொல்றது?"

ஏஞ்சலின் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கன்னம் எது?

சொல்ல வேண்டிய வாசகத்தை வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அஞ்சலை எதிரில் நின்றதும் ஒரு எழுத்து மிச்சமில்லை. செல்போனில் அந்தக் காட்சியைப் போட்டு அவள் கண்ணெதிரே நீட்டினேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பந்து போனது. மஞ்சள் புகை எழுந்தது.

அவள் முகம் மலர்ந்தது. "ஐய! இன்னா அழகா கீது! பாத்தியா அண்ணாத்த, நான் வெச்சது வேல செய்யுது!"

நான் மீன்களைப் பார்த்தேன். மீன்களும் என்னைப் பார்த்தன.

"அம்மா" என்றாள் கூட வந்திருந்த ஷர்மிளா, என் முதுகுக்குப் பின்னாலிருந்து. "அதனாலதாம்மா பந்து வழுக்குது."

அஞ்சலை மறுபடி ஒருமுறை ஓடவிடச் சொன்னாள். இந்த முறை புகையைப் பார்க்கவில்லை, பந்தைப் பார்த்தாள்.

"அத்த கன்னம்னு நெனச்சேன்."

"கன்னம் இல்லம்மா. கை. ரெண்டு கையால பந்தப் புடிச்சித் தள்ளுது."

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? கையிலயா பூசிகினு இருந்தேன் இத்தினி நாளா?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நீ வேற கெட்டியா வையின்ன."

"அது... வந்து..."

"போ அப்பால."

ஒரு டவுன்ஷிப் அம்மா வந்து சங்கரா என்ன விலை என்றார். அஞ்சலை எடை போட்டாள், செதிள் சீவினாள், பையில் போட்டாள். அவர் போன பிறகு, மகளைப் பார்க்காமல் கேட்டாள்: "அப்ப அதுக்குக் கன்னம் எது?"



திங்கட்கிழமை ஷர்மிளா சக்கரங்களை ஈரத்துணியால் துடைத்தாள். ஹேமா டீச்சர், சோதித்துவிடுவோம் என்று பத்தாம் வகுப்பு முழுவதையும் உள்ளே விட்டுக் கத்தச் சொன்னார். அத்தனை கண்களுக்கும் நடுவில் பந்துகள் கூடையில் வரிசையாக விழுந்தன. தட்டு வேண்டாம் என்று டீச்சர் சொன்னார். பிள்ளைகள் குதித்தார்கள். ஷர்மிளா சிரித்தாள், ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். அன்று அஞ்சலை வரவில்லை.

செங்கல்பட்டில்

போட்டி நாள் விடியலில் வேன் திருக்கழுக்குன்றம் தாண்டிப் போனது. ஷர்மிளா வற்புறுத்தி அம்மாவை அழைத்து வந்திருந்தாள். "நான் எத்தயும் தொடமாட்டேம்பா. சொம்மா பாத்துகினு வந்துர்றேன்" என்று அஞ்சலை ஏறும்போதே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். மடியில் ஒரு பை. அதற்குள் கிண்ணம் இருந்தது எனக்குத் தெரியும். மூடியிருந்தாலும் சந்தன வாசனை வேனுக்குள் சுற்றியது.

ஒரு பொறியியல் கல்லூரி ஹால். போட்டிக்கு முன்னால் ஒவ்வொரு ரோபோவையும் எடை போட்டு, சுற்றிப் பார்த்து அனுமதிக்க வேண்டும். இளவயது நடுவர் ஒருவர் எங்கள் ரோபோவைக் குனிந்து பார்த்தார். பின்பக்கம் போனதும் நின்றார். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்டத் தகடுகள், கொஞ்சம் உப்பலாகத் தட்டி, திருகு போட்டு முடுக்கியிருந்தன. நான் அதுவரை பார்க்காதவை.

"இது எதுக்கும்மா? எதோடயும் கனெக்ட் ஆகலியே. சும்மா வெயிட்தான?"

ஏஞ்சலின் கண்ணாடியைக் கழற்றினாள். ஷர்மிளா நிமிர்ந்து நின்றாள்.

"அது கன்னம் சார்."

"என்னது?"

"கன்னம். எங்கம்மா சந்தனம் பூசறதுக்கு. எவ்ளோ பூசினாலும் பந்துக்குப் படாத எடமாப் பாத்து வெச்சிருக்கேன்."

நடுவர் ரோபோவைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற அஞ்சலையைப் பார்த்தார். எடை வரம்புக்குள்தான் இருந்தது. "சரி, சீக்கிரம் பூசிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அஞ்சலை முன்னால் வந்தாள். கிண்ணத்தைத் திறந்தாள். விரலைத் தோய்த்தவள், தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, மகளைப் பார்த்தாள்.

"இதானே? கையில்லியே?"

"இதாம்மா."

பூசினாள். இரண்டு பக்கமும். நல்ல கெட்டியாக.

அன்று நாங்கள் கோப்பை வாங்கவில்லை. கடைசிக்கு முந்தின சுற்றில் ரோபோவின் கால் சக்கரம் ஒன்று மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டது. ஆனால் நின்ற இடத்திலிருந்தே ஷர்மிளாவின் யந்திரம் மிச்சப் பந்துகளைக் கூடையில் போட்டது. ஒன்றுகூடச் சாயவில்லை. எதிரணிப் பிள்ளைகளே கை தட்டினார்கள்.

அதை நான் வீடியோ எடுத்தேன். அதாவது, எடுத்ததாக நினைத்தேன். ஸ்டூடியோவுக்கு வந்து போட்டுப் பார்த்தால் பந்து கூடையில் விழும் சத்தம் இருக்கிறது, பிள்ளைகளின் கூச்சல் இருக்கிறது, "போட்டுச்சு! போட்டுச்சு!" என்று அஞ்சலை அலறுவது இருக்கிறது. படத்தில் கல்லூரி ஹாலின் கூரை. கருங்குழியில் மின்விசிறியாவது சுற்றியது, இது ஏ.சி. ஹால், அதுவும் இல்லை.

கடைசியில் ஒரு குரல் கேட்கிறது. "அண்ணாத்த, எல்லாம் புடிச்சியா?" அதற்கு என் குரல், கொஞ்சமும் தயங்காமல்: "புடிச்சிட்டேன் தங்கச்சி."

அன்றிலிருந்து கடைக்குப் போகும்போதெல்லாம் அவள் வீடியோ கேட்கிறாள். எல்லாக் கல்யாண வீட்டாருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: எடிட்டிங்கில் இருக்கிறது. அவளும் நம்பி, எனக்கென்று நல்ல மீனாகப் பார்த்து எடுத்து வைக்கிறாள்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை வாராவாரம் ஷர்மிளா தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதாகப் போன மாதம்தான் தெரிந்தது. ஆகவே இந்த வாரம் முதல் எங்கள் வீட்டில் சாம்பார்தான்.